'உங்க பையன் விஷுவல் லேர்னர், சார்!' - குழந்தைகளுக்கு 'கற்றல் பாணி' உண்டா? ஓசூர் வகுப்பறையிலிருந்து ஓர் அலசல்

"மேம், கணக்குல மட்டும் ஏன் இவ்ளோ கம்மியா வாங்கியிருக்கான்?"

"பயப்படாதீங்க சார். உங்க பையன் விஷுவல் லேர்னர். வாயால சொன்னா ஏறாது, படம் போட்டா கப்புனு பிடிச்சுக்கிறான். வீட்லயும் வீடியோவா காட்டுங்க."

ஓசூரில் பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பு நடக்கும் சனிக்கிழமைகளில் காதில் விழக்கூடிய உரையாடல்தான் இது. சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டோ, எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டோ வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இந்தப் பதில் பெரிய நிம்மதி. பையன் மக்கு இல்லை. அவன் படிக்கிற 'ஸ்டைல்' வேறு, அவ்வளவுதான். அன்று மாலையே ஏதாவது ஒரு கற்றல் ஆப்புக்குச் சந்தா கட்டிவிடுவார்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார். பிள்ளையைத் திட்டாமல், தன் பாடம் நடத்தும் முறையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர் அவர். ஆனால், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அந்தப் பாணியில் சொல்லிக்கொடுத்தால் மார்க் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அதோடு போனால் பரவாயில்லை. 'ஸ்டைல்' என்ற சொல் பையனின் உண்மையான சிக்கலை மூடி மறைத்துவிடக்கூடும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர் - கிருஷ்ணகிரி பகுதியில் அதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் வடிவம் 'வார்க்' எனப்படும் கேள்வித்தாள். நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸ் என்பவருடன் சேர்ந்து 1992-ல் இதை வெளியிட்டார். பார்வை, கேள்வி, வாசிப்பும் எழுத்தும், செயல் என நான்கு பிரிவுகள். சில கேள்விகளுக்கு டிக் அடித்தால் நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

இது ஒன்று மட்டுமல்ல. பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான குழு 2004-ல் தேடிப் பார்த்தபோது 71 விதமான கற்றல் பாணி மாதிரிகள் புழக்கத்தில் இருந்தன. ஒரே பிள்ளையை அளக்க 71 அளவுகோல் என்றால், அளக்கப்படும் பொருள் உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வரும்.

இதற்கிடையே அமெரிக்க உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983-ல் 'பன்முக அறிவுத்திறன்' என்ற கருத்தை முன்வைத்தார். இசைத் திறன், உடலியக்கத் திறன், மொழித் திறன் என அறிவு பலவகைப்பட்டது என்பது அவர் வாதம். பள்ளிகள் அதையும் கற்றல் பாணியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டன. இரண்டும் வேறு வேறு என்று 2013-ல் கார்ட்னரே எழுதி விளக்க வேண்டி வந்தது.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. கைவிரல் ரேகையை ஸ்கேன் செய்து, குழந்தையின் பிறவித் திறனையும் கற்றல் பாணியையும் சொல்லிவிடுவதாக 'டி.எம்.ஐ.டி.' என்ற பெயரில் நம் ஊர்களில் ஒரு வியாபாரமே நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம், வண்ண வண்ணப் பக்கங்களில் ரிப்போர்ட். இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நாடி ஜோதிடத்துக்குக் கட்டை விரல் ரேகை கேட்பார்களே, அதன் கம்ப்யூட்டர் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். சோதனையின் தர்க்கம் எளிமையானது. 'படப் பிள்ளைகள்' பாதிப்பேரைப் படம் மூலமும், மீதிப்பேரைச் சொல் மூலமும் படிக்க வையுங்கள். 'கேள்விப் பிள்ளைகளுக்கும்' அப்படியே செய்யுங்கள். யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. கற்றல் பாணி உண்மை என்றால், படப் பிள்ளைகள் படத்தில் படித்தபோதும், கேள்விப் பிள்ளைகள் கேட்டுப் படித்தபோதும் கூடுதல் மார்க் எடுத்திருக்க வேண்டும். எல்லோருக்குமே படம் உதவியது என்று முடிவு வந்தால், அது படத்தின் பெருமை. பாணிக்கு அதில் பங்கில்லை.

2008-ல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் இந்தத் தர்க்கத்தில் வைத்து அலசினார்கள். இப்படி முறையாக நடத்தப்பட்ட சோதனைகளே மிகக் குறைவு. நடத்தப்பட்டவற்றில் பெரும்பாலானவை கற்றல் பாணிக் கோட்பாட்டுக்கு எதிரான முடிவையே தந்திருந்தன. 2015-ல் பெத் ரொகோவ்ஸ்கி குழு, பெரியவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒலிப்புத்தகமும் இன்னொரு பிரிவினருக்கு மின்னூலும் கொடுத்துப் பார்த்தது. தன்னைக் 'கேட்டுக் கற்பவர்' என்று சொன்னவர்கள், கேட்டபோது கூடுதலாகப் புரிந்துகொண்டார்களா? இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை குறையவில்லை. 18 நாடுகளில் 15,405 ஆசிரியர்களிடம் எடுக்கப்பட்ட பல ஆய்வுகளை 2020-ல் தொகுத்துப் பார்த்தபோது, 89.1 சதவீதம் பேர் கற்றல் பாணியை நம்பினார்கள். அதனால் ஓசூர் ஆசிரியை ஒன்றும் விதிவிலக்கல்ல.

'ஆனா எனக்கே படம் பார்த்தாதானே புரியுது?' என்று தோன்றுகிறதா? அதற்கும் பதில் இருக்கிறது. நமக்கு விருப்பங்கள் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், தங்களுக்குப் பிடித்த வடிவத்தில் படித்தவர்கள் 'இது நல்லா மனசுல பதிஞ்சிருக்கு' என்று கணித்தார்கள். சோதித்தபோது நினைவில் நின்றதற்கும் அந்த விருப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. பதிந்த மாதிரி ஒரு திருப்தி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த வழியில் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. அசோக் லேலண்டிலோ டி.வி.எஸ். மோட்டாரிலோ அப்ரன்டிஸாகச் சேரும் ஐ.டி.ஐ. பையனிடம் போய், 'நீ கேட்டுக் கற்பவனா, பார்த்துக் கற்பவனா?' என்று கேட்டுவிட்டு வெல்டிங் சொல்லிக்கொடுக்க முடியாது. டார்ச்சைக் கையில் பிடித்தே ஆக வேண்டும். அதே போல, வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைக்கு 'ழ' ஒலியைப் படம் போட்டுப் புரியவைக்க முடியாது. காதால் கேட்டு, நாக்கை மடித்து, பத்து முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

மாம்பழக் கணக்கில் மறைந்திருக்கும் விஷயம்

இப்போது முதலில் சொன்ன பையனிடம் வருவோம். வாயால் சொன்னால் ஏறாத கணக்கு, படம் போட்டதும் ஏறியது எப்படி?

மாங்காய்க்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் கணக்கும் மாம்பழத்தில் இருக்கட்டும். 'ராமுவிடம் 12 மாம்பழங்கள் இருந்தன. 5 பழங்களை விற்றுவிட்டான். மீதி எத்தனை?' ஆங்கில வழிப் பள்ளியில் இந்தக் கேள்வி 'ஹவ் மெனி மேங்கோஸ் ஆர் லெஃப்ட்?' என்று முடியும். எல்.கே.ஜி.யிலிருந்தே 'லெஃப்ட் ஹேண்ட், ரைட் ஹேண்ட்' சொல்லிப் பழகிய ஏழு வயதுப் பிள்ளைக்கு 'லெஃப்ட்' என்றால் இடது பக்கம். இடது பக்கம் எத்தனை மாம்பழம்? பிள்ளை முழிக்கிறது. ஆசிரியர் போர்டில் 12 மாம்பழம் வரைந்து ஐந்தை அடித்துக் காட்டுகிறார். உடனே 'ஏழு!' என்று கத்துகிறது. ஆசிரியர் மனதில் எழுதிக்கொள்கிறார்: விஷுவல் லேர்னர்.

இங்கே அந்தப் படம் செய்தது மொழிபெயர்ப்பு வேலை. கழித்தல் அந்தப் பிள்ளைக்கு முதலிலேயே தெரியும். தெரியாதது ஒரு சொல்.

தமிழ் வழி அரசுப் பள்ளியிலும் இதே கதை வேறு வேடத்தில் நடக்கலாம். பாகலூர், பேரிகை பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்து, ஒன்றாம் வகுப்பில் உட்காரும் குழந்தைக்கு 'மீதி' என்பதே புதுச் சொல்லாக இருக்கலாம். 'மிகிலிந்தி' என்று கேட்டிருந்தால் சட்டென்று பதில் வந்திருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ சிப்காட் வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் வந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் சிக்கல் இன்னும் ஆழம். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி. டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஓலா, ஏத்தர் எனத் தொழிற்சாலைகள் வரவர, இந்த மாவட்டத்து வகுப்பறைகளில் காதில் விழும் மொழிகளும் கூடிக்கொண்டேதான் போகின்றன.

இந்தப் பகுதியில் மொழி எவ்வளவு உணர்வுபூர்வமான விஷயம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெலுங்கு, கன்னட, உருது வழி அரசுப் பள்ளிகளும் இயங்கும் மாவட்டம் இது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ம் ஆண்டுச் சட்டம் படிப்படியாக மேலே வந்து, 2015-16-ல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்கு கேட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த அரசியல் தனி அத்தியாயம். கற்றலைப் பொறுத்தவரை ஒரு விஷயம் ஓரளவு தெளிவு. தென்னாப்பிரிக்காவில் ஸ்டீஃபன் டெய்லர், மரிசா வான் ஃபின்டெல் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் படித்த பிள்ளைகள், பின்னர் 4, 5, 6-ம் வகுப்புகளில் ஆங்கிலத்திலேயே மேலான தேர்ச்சி காட்டினார்கள். அதாவது, தாய்மொழியில் தொடங்கியது ஆங்கிலத்துக்குத் தடையாக இல்லை. அதற்காக எல்லோரும் பள்ளியை மாற்றிவிட முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை. பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறது என்பது அதற்குப் பாடம் எடுப்பவருக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

லேபிள் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

'சரி, ஆதாரம் இல்லை. ஆனா நம்புறதால என்ன கெட்டுப்போச்சு? நாலு விதமா சொல்லிக்கொடுக்கிறது நல்லதுதானே?' இது நியாயமான கேள்வி. நாலு விதமாகச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். சொல்லோடு படமும் சேர்ந்தால் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்குமே உதவும். ஒரு பிள்ளையை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடும்போதுதான் பிரச்சினை.

2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பெற்றோர், ஆசிரியர், 6 முதல் 12 வயதுக் குழந்தைகள் என மூன்று தரப்பிடமும், 'இந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும், அந்தப் பிள்ளை கையால் செய்து கற்கும்' என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் புத்திசாலி என்று கேட்டார்கள். பார்த்துக் கற்கும் பிள்ளைதான் புத்திசாலி என்றே மூன்று தரப்பும் சாய்ந்தன. கையால் கற்கும் பிள்ளை விளையாட்டில் கெட்டியாம். கணக்கு, மொழி போன்ற பாடங்களில் மார்க் குறையும் என்றும் எதிர்பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அந்த லேபிள் ஒன்றுதான்.

இது ஓசூர் மாதிரி தொழில் நகரத்தில் ரொம்பவே உறைக்க வேண்டிய முடிவு. 'அவன் கினஸ்தெடிக் சார், கைவேலைதான் வரும்' என்று பத்து வயதில் சொல்லப்பட்ட பையன், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கேட்பான்? ஐ.டி.ஐ. படிப்பதோ ஷாப் ஃப்ளோர் வேலையோ குறைவு என்பதல்ல பேச்சு. அதை அவன் தேர்ந்தெடுத்தானா, பத்து வயதிலேயே அவனுக்காக யாரோ முடிவு செய்தார்களா என்பதுதான் கேள்வி.

இந்த மண்ணுக்கு அந்தக் கேள்வி புதிதும் அல்ல. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாண முதல்வராக 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். 'குலக்கல்வி' என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பி, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. விரல் ரேகையோ கேள்வித்தாளோ குலத்தைக் கேட்பதில்லை என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் படிப்பு யாருக்கு வரும், கைவேலை யாருக்கு வரும் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டும் அவசரம் இரண்டிலும் இருக்கிறது.

பாணி இல்லை, படி!

பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரியா என்றால், நிச்சயமாக இல்லை. வித்தியாசம் உண்டு. அதில் பெரிய பங்கு, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டாம் வகுப்புப் பத்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு, ஐந்தாம் வகுப்பு அறிவியலை வீடியோவில் காட்டினாலும் பாட்டாகப் பாடினாலும் ஏறாது.

'பிரதம்' அமைப்பு இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. வகுப்பை மறந்துவிட்டு, பிள்ளை நிற்கும் படியிலிருந்து சொல்லிக்கொடுப்பது. வதோதரா, மும்பையில் நடந்த அதன் 'பால்சகி' திட்டத்தை ஆராய்ந்தவர்களில் இருவர், 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். பின்தங்கிய பிள்ளைகளின் கற்றல் கணிசமாக உயர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையிலிருந்து வந்தது. ஏணிப்படி மாதிரி அட்டைகளை ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறிச் செல்லும். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலை வாரியாகவே பிரிக்கிறது. அரும்பில் இருக்கும் பிள்ளை இரண்டு மாதத்தில் மொட்டுக்குப் போகலாம். 'விஷுவல் லேர்னர்' லேபிளில் அப்படி மேலே போவதற்கு ஒன்றும் இல்லை. திட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் காகிதத்தில் உள்ளபடியே நடக்கிறதா என்பது வேறு கேள்வி. பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் கையாளும் அஞ்செட்டி, தளி மலைப்பகுதிப் பள்ளிகளில் அது லேசான வேலை இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது என்ன?

முதலில் கண்ணும் காதும். போர்டு தெரியாத பிள்ளை 'கேட்டுக் கற்பவன்' ஆகிவிடும். காது மந்தமான பிள்ளை 'பார்த்துக் கற்பவன்' ஆகிவிடும். ஒரு கண் பரிசோதனை பல லேபிள்களைக் கிழித்துப் போட்டுவிடும்.

அடுத்து டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு. இதைக் கற்றல் பாணியோடு குழப்பவே கூடாது. இது மருத்துவ ரீதியாகக் கண்டறியக்கூடியது, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது, தேர்வுகளில் சலுகைக்கும் வழி உண்டு. நல்ல புத்திசாலிப் பிள்ளை, வாயால் கேட்டால் பதில் சொல்கிறது, எழுத்தைக் கண்டால் மட்டும் திணறுகிறது என்றால், 'அவ ஆடிட்டரி லேர்னர்' என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தால் வருடங்கள் வீணாகும். பெங்களூருவில் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ். விரல் ரேகை ரிப்போர்ட்டுக்குச் செலவழிக்கும் நேரத்தில் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

படிக்கும் முறையில் யாருக்கு வேண்டுமானாலும் உதவுவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் நடத்திய சோதனையில், ஒரு பத்தியை நான்கு முறை படித்த கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். சுவாரசியம் என்னவென்றால், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னிலை. தேர்வுக்கு முந்தைய ராத்திரிப் படிப்பு நம்பிக்கை தருவதும், ரிசல்ட்டில் கைவிடுவதும் இதனால்தான். படித்ததையே ஒரே மூச்சில் முடிக்காமல், நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பதும் இதே மாதிரி வேலை செய்யும். ராத்திரிச் சாப்பாட்டின்போது, 'இன்னிக்கு என்ன பாடம்? புக்கைப் பார்க்காம சொல்லு' என்று கேட்பதற்குச் சந்தா எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கணக்கில் மட்டும் சறுக்கும் பிள்ளை என்றால், அடுத்த சந்திப்புக்குப் போகும் முன் பத்து நிமிடம் செலவிடலாம். சென்ற வருடப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கவனியுங்கள். பிறகு தேர்வில் விட்ட அதே கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, வீட்டில் பேசும் மொழியில், படம் எதுவும் போடாமல் வாயாலேயே கேளுங்கள். பதில் சரியாக வந்தால், ஆசிரியரிடம் போய்ப் பேச வேண்டியது 'லெஃப்ட்' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.